கட்டையைத் தூக்கிப் போடாதீங்க, கரித்துணியைத் தூக்கிப் போடுங்க

"டாக்டர், மரப்பலகையில காய் நறுக்கினா லிவர் கேன்சர் வருமா?"

"சார், புது வீடு கட்றோம். கிச்சன் மேடையை மரத்துல போடலாம்னு ஆசை. கிருமி சேரும்னு இன்ஜினியர் பயமுறுத்துறார். நீங்க என்ன சொல்றீங்க?"

இன்பாக்ஸில் இந்த இரண்டு கேள்வியும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மரப்பலகையால் கேன்சர் வராது.

மர மேடை போடலாம். ஆனால் சமையலறை முழுக்க வேண்டாம், ஒரு பகுதி போதும்.

உங்கள் சமையலறையிலேயே அழுக்கான பொருள் எதுவென்று என்னைக் கேட்டால், பலகை பக்கமே நான் திரும்ப மாட்டேன். மேடை துடைக்க வைத்திருக்கிறீர்களே ஒரு ஈரத்துணி, அதைத்தான் காட்டுவேன்.

இனி விளக்கம்.

முதலில் அந்த கேன்சர் ஃபார்வர்டு. "மரப்பலகையில் கருப்பாகப் படர்வது அஃப்ளாடாக்ஸின் விஷம், அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும்" என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. பாதி உண்மையை எடுத்து முழுப் பொய் செய்வது எப்படி என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அஃப்ளாடாக்ஸின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நச்சு என்பது உண்மை. ஆனால் அதை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை பெருகி நமக்குத் தீங்கு செய்யும் இடம் வேர்க்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல் போன்ற விளைபொருட்கள். சரியாகக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் அதில் பூஞ்சை பிடிக்கும்.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மக்காச்சோளமும் கடலையும் எவ்வளவு விளைகிறது என்று உங்களுக்கே தெரியும். பூசணம் பிடித்த கடலையை "வறுத்தா சரியாப் போயிடும்" என்று தின்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வறுத்தாலும் அந்த நச்சு முழுதாகப் போகாது. கசக்கிற கடலையைத் துப்புங்கள், சுருங்கி நிறம் மாறியதைப் பொறுக்கி எறியுங்கள். அஃப்ளாடாக்ஸின் பற்றிப் பயப்படுவதென்றால் அங்கே பயப்படுங்கள். பலகையை விட்டுவிடுங்கள்.

சரி, பலகையில் கிருமி சேருமா?

சேரும். பிளாஸ்டிக்கிலும் சேரும், கிரானைட்டிலும் சேரும், உங்கள் கையிலும் இப்போது இருக்கிறது. சேர்ந்த கிருமி அங்கே பெருகுகிறதா, சாகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இதை உட்கார்ந்து சோதித்துப் பார்த்தவர் டீன் க்ளைவர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உணவு நுண்ணுயிரியல் ஆராய்ச்சியாளர். 1990களின் தொடக்கம். அந்தக் காலத்தில் அங்கே "மரப்பலகை வேண்டாம், பிளாஸ்டிக் வாங்குங்க" என்பதுதான் அரசு அறிவுரை. மரப்பலகையை எப்படிச் சுத்தம் செய்தால் பிளாஸ்டிக் அளவுக்குப் பாதுகாப்பாகும் என்று கண்டுபிடிக்கத்தான் அவர் குழு இறங்கியது. அதாவது, பிளாஸ்டிக்தான் நல்லது என்ற நம்பிக்கையோடுதான் ஆரம்பித்தார்கள்.

சால்மொனெல்லா, லிஸ்டீரியா, ஈ-கோலை கிருமிகளை இரண்டு வகைப் பலகைகள் மீதும் விட்டுப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் மீது விட்ட கிருமி அப்படியே இருந்தது. ஈரம் இருந்தால் ராத்திரியில் பெருகவும் செய்தது. மரத்தின் மீது விட்டதோ சில நிமிடங்களில் உள்ளே உறிஞ்சப்பட்டது. மேற்பரப்பிலிருந்து அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

உள்ளே போனது என்ன ஆனது? மரத்துக்குள் நுண்ணிய குழாய்கள் உண்டு. உயிரோடு இருந்த காலத்தில் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய அதே பாதைதான். ஈரத்தோடு கிருமியும் அதற்குள் இழுக்கப்படுகிறது. பலகை காயும்போது உள்ளே ஈரம் கிடைக்காமல் கிருமி பெருக முடியாமல் மெதுவாகச் சாகிறது. இந்த முடிவுகள் 1994ல் ஆய்விதழில் வெளியாகின. கத்தி பட்டுப் பட்டுக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகையை, முக்கியமாகக் கோழிக் கொழுப்பு படிந்திருந்தால், கையால் தேய்த்துச் சுத்தம் செய்வது கிட்டத்தட்ட முடியாத காரியம் என்பதையும் அதே குழு காட்டியது.

உடனே "பார்த்தீங்களா, நம்ம முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை" என்று ஸ்டேட்டஸ் போடக் கிளம்பிவிடாதீர்கள். நில்லுங்கள்.

அதே ஆய்வில், கிருமியின் அளவு மிக அதிகமாக இருந்து, சூழலும் ஈரமாக இருந்தபோது, பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் மரத்திலிருந்து உயிருள்ள கிருமியை எடுக்க முடிந்தது. ஆக, மரம் மந்திரக்கட்டை இல்லை. காய்ந்தால்தான் அது நண்பன். நனைந்தே கிடந்தால் அதற்கும் பிளாஸ்டிக்குக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

"வேப்பம்பலகை கிருமிநாசினி, கழுவவே வேண்டாம்" என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதுவும் வியாபாரப் பேச்சுதான். வேம்பு நல்ல மரம். வாங்குங்கள். கழுவுங்கள்.

இப்போது அமெரிக்க வேளாண் துறையே மரம், பிளாஸ்டிக் எது வேண்டுமானாலும் வீட்டில் பயன்படுத்தலாம், சுத்தமாக வைத்திருந்தால் போதும் என்றுதான் சொல்கிறது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு விதிமுறைகளில், அட்டவணை 4ல், கறிக்கடைகளுக்குத் தனிப்பகுதி உண்டு. வெட்டும் கட்டை உணவுக்கேற்ற செயற்கைப் பொருளில் இருக்கலாம். மரமாக இருந்தால் கெட்டியான வன்மரத்தின் அடிமரமாக இருக்க வேண்டும் என்கிறது. கத்தி, மேசை எல்லாவற்றையும் 82 டிகிரி சூட்டு வெந்நீரில் கழுவச் சொல்கிறது. கட்டையின் தலையில் தினமும் கடல் உப்பைப் போதுமான அளவு பரப்பி மூடி வைக்கச் சொல்கிறது.

உப்பு! நம்ம ஊர் கறிக்கடைக்காரர் ராத்திரி கடை சாத்தும்போது புளியமரக் கட்டையைச் சுரண்டி, கல்லுப்பைக் கொட்டித் தேய்த்துவிட்டுப் போவாரே, அதேதான். உப்பு ஈரத்தை இழுக்கிறது, ஈரம் போனால் கிருமி பட்டினி. அவர் விதிமுறையைப் படித்திருக்க மாட்டார். ஆனால் செய்கிறார். (செய்யாதவரும் இருக்கிறார்கள். கட்டையின் மேல் ஈ மொய்த்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.)

இப்போது நான் இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

கல்வராயன் மலையிலிருந்து ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு வயதுக் குழந்தை. வயிற்றுப்போக்கு. மூன்று மாதத்தில் நான்காவது முறை. கண் உள்வாங்கியிருந்தது, தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்பியது. நீர்ச்சத்து ஏற்றி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, குழந்தை மறுநாள் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

பேச்சுவாக்கில் அந்தப் பாட்டி சொன்னார்:

"எல்லாம் செஞ்சு பாத்தாச்சு சாமி. அந்த அருவாமனைப் பலகையிலதான் புழு இருக்குதுன்னு செல்போன்ல காட்டுனாங்க. ஒடைச்சு அடுப்புல வெச்சுட்டேன். சந்தையில நூத்தம்பது ரூவாக்கு பிளாஸ்டிக்கு பலகை வாங்கியாந்து அதுலதான் அரியறோம்."

"சரிங்க ஆயா, குடிக்கிற தண்ணி எங்கிருந்து எடுக்குறீங்க?"

"ஊத்துல."

"காய்ச்சுவீங்களா?"

"மழைக்காலத்துல சளி பிடிச்சா காய்ச்சுவோம்."

"குடத்துல இருந்து எப்படி மொண்டு குடுப்பீங்க?"

சொம்பை உள்ளே விட்டுக் கையோடு மொள்வதாக அவர் காட்டினார்.

நூற்றைம்பது ரூபாய் அந்தக் குடும்பத்துக்குச் சின்னக் காசு இல்லை. அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. "காரணத்தைக் கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டோம்" என்ற நிம்மதியில் மூன்று மாதம் யாரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. தவறான பயத்தில் இருக்கிற ஆபத்து இதுதான்.

அந்த வீட்டுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் கொடுங்கள். மொள்வதற்கு நீளக் காம்பு வைத்த கரண்டி வைத்துக்கொள்ளுங்கள், கை உள்ளே போகக்கூடாது. மலம் கழுவிய பிறகும், ஊட்டுவதற்கு முன்பும் சோப்பு. வயிற்றுப்போக்கு என்றாலே ஓஆர்எஸ், கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதென்றால் 10. போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். இரண்டுமே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அடுத்த குழந்தை பிறந்தால் 6, 10, 14வது வாரங்களில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள்.

இதே போல "பலகையால டைபாய்டு வந்துடுச்சு" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டைபாய்டு கிருமிக்கு மனித உடல்தான் வீடு. மனித மலம் கலந்த தண்ணீர், சுத்தமில்லாத கை, இந்த இரண்டு வழியாகத்தான் பெரும்பாலும் வரும்.

அப்படியானால் பலகைக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. அந்த இடம் கோழிக்கறி.

பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, காம்பிலோபாக்டர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. குழம்பில் கொதிக்கும்போது அவை செத்துவிடும், கவலையில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை என்ன நடக்கிறது? கோழியைக் குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவுகிறோம். தெறிக்கிற தண்ணீர் மேடை முழுக்கப் படுகிறது. அதே பலகையில் கறியைத் துண்டு போட்டு, சும்மா தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு, அதன் மேலேயே தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம், வெள்ளரிக்காய் நறுக்குகிறோம். குழம்பில் செத்துப்போக வேண்டிய கிருமி பச்சடி வழியாக உயிரோடு உள்ளே போகிறது. திங்கட்கிழமை ஓ.பி.யில் குடும்பத்தோடு வருகிறீர்கள், "கறி ஒத்துக்கல டாக்டர்" என்று. கறி ஒத்துக்கொண்டது. பச்சடிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே இரண்டு பலகை வையுங்கள். ஒன்று பச்சைக் கறி, மீனுக்கு மட்டும். இன்னொன்று மற்றதற்கு. மரமோ பிளாஸ்டிக்கோ உங்கள் இஷ்டம். ஒரே பலகைதான் இருக்கிறதென்றால் பச்சடியை முதலில் நறுக்கி எடுத்து மூடி வைத்துவிட்டு, கறியைக் கடைசியில் வெட்டுங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

இப்போது நம்ம கதாநாயகன் கரித்துணிக்கு வருவோம்.

பழைய லுங்கியைக் கிழித்த துண்டு. காலையில் பால் பொங்கியதைத் துடைக்கிறது. அப்புறம் கோழித் தண்ணீர். அப்புறம் தட்டு. அப்புறம் குழந்தையின் வாய். ராத்திரி சிங்க் ஓரத்தில் சுருட்டி வைக்கப்படுகிறது. காலை வரை ஈரம், உணவுத் துணுக்கு, நம்ம ஊர் வெப்பம். வசதியான சூழலில் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்கு உங்களுக்கே வரும். காலையில் அதே துணியால் மேடையைத் "துடைத்து" சுத்தம் செய்கிறீர்கள்!

துணியைத் தினமும் சோப்பு போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். ஏழு துணி வைத்துக்கொண்டு தினம் ஒன்று எடுத்தால் இன்னும் நல்லது. ஸ்பாஞ்சும் இதே ரகம்தான். நார் பிய்ந்து, நாற்றம் வந்த பிறகும் "இன்னும் ஒரு வாரம் வரும்" என்று வைத்திருக்காதீர்கள்.

இனி புது வீட்டுக்காரர்களுக்கு.

நம் பக்கத்துச் சமையல் தரையில் நடந்தது. மலையில் பல வீடுகளில் இன்றும் அப்படித்தான். கேஸ் அடுப்பு பரவலான பிறகுதான் எல்லா வீட்டிலும் மேடை வந்தது, கடப்பா கல் வந்தது, பிறகு கிரானைட். இப்போது ரீல்ஸ் பார்த்து மரம்.

என் கருத்து இது. அடுப்புக்குக் கீழேயும் சிங்க் சுற்றியும் கல்லே இருக்கட்டும். சூடும் தண்ணீரும் மரத்தின் இரண்டு எதிரிகள். நடுவில் காய் நறுக்க, மாவு பிசைய, ஒரு மூன்றடி, நான்கடி மட்டும் மரம் போடுங்கள். கத்தியும் மழுங்காது, கண்ணாடி டம்ளர் விழுந்தாலும் உடையாமல் தப்பிக்க வாய்ப்பு. குக்கரை இறக்கி நேராக மரத்தில் வைக்காமல் பிரிமனை மேல் வையுங்கள். பிரிமனை என்றால் என்னவென்று தெரியாதவர்கள் வீட்டில் ஆயாவைக் கேளுங்கள்.

எந்த மரம் என்பதைவிட எந்த மரம் கூடாது என்பதில்தான் மருத்துவனாக எனக்கு அக்கறை.

கரையான் மருந்து அடித்த மரம் வேண்டவே வேண்டாம். ஆசாரி நல்ல எண்ணத்தில் தூரிகையால் பூசிவிடுவார். அதில் குளோர்பைரிபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் இருக்கலாம். பூச்சிமருந்து நஞ்சு ஏறி வருகிறவர்களை அட்ரோபின் போட்டு ராத்திரி முழுக்கக் காப்பாற்றப் போராடுவது எங்களுக்குப் பழகிய வேலை. அந்தக் குடும்பத்து மருந்து, மாவு பிசைகிற பலகையில் எதற்கு? முன்கூட்டியே ஆசாரியிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டையில் மேடை போடுவது ஃபேஷன் என்கிறார்கள். அதில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கும். வேண்டாம். இடித்த வீட்டின் பெயின்ட் அடித்த பழைய கதவும் வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வளரும் குழந்தையின் மூளைக்கு ஈயம் எந்த அளவிலும் நல்லதில்லை. ப்ளைவுட், எம்.டி.எஃப் வகையறாக்கள் ஈரம் பட்டால் உப்பி, பிரிந்து, பூஞ்சைக்கு வீடாகும். நறுக்கும் இடத்துக்கு அவை ஒத்துவராது.

நன்றாகக் காய்ந்த தேக்கு, வாகை, மா, வேம்பு, புளி, எதுவும் சரி. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, தண்ணீரைத் தாங்கும். ஆனால் கத்தியைக் கொஞ்சம் சீக்கிரம் மழுக்கும்.

அடுத்தது எண்ணெய். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

மரம் தண்ணீரைக் குடிக்காமல் இருக்க, முன்னாடியே எண்ணெய் குடிக்க வைக்க வேண்டும். "நல்லெண்ணெய் தேய்க்கிறேன், கடலெண்ணெய் தேய்க்கிறேன்" என்பார்கள். சமையல் எண்ணெய் மரத்துக்குள் இருந்துகொண்டே காற்று பட்டுப் பட்டுக் கெட்டு, சிக்கு வாடை அடிக்கும். பிசுபிசுக்கும்.

வெளிநாட்டில் "ஃபுட் கிரேடு மினரல் ஆயில்" என்று அழகான பாட்டிலில் விற்பது என்ன தெரியுமா? மலச்சிக்கலுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் லிக்விட் பாரஃபின்தான். மருந்துக்கடையில் கிடைக்கும், விலையும் குறைவு. நிறம், மணம் இல்லாத சுத்தமான லிக்விட் பாரஃபின் ஐ.பி. என்று கேட்டு வாங்குங்கள். பிங்க் கலரில் இனிப்பாக வரும் மலமிளக்கி சிரப்பை வாங்கிப் பலகையில் ஊற்றி எறும்புக்கு விருந்து வைக்காதீர்கள்.

பலகை நன்றாகக் காய்ந்திருக்கும்போது தாராளமாக ஊற்றித் துணியால் பரப்புங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். புதுப் பலகைக்கு ஒரு வாரம் தினமும், பிறகு மாதம் ஒருமுறை. மேடையாக இருந்தால் அடிப்பக்கத்துக்கும் ஒரு கை. மேலே மட்டும் எண்ணெய் போட்டால் அடிப்பக்கம் ஈரம் இழுத்துப் பலகை வளையும். தண்ணீர்த் துளி விட்டால் முத்து மாதிரி நிற்க வேண்டும். உறிஞ்சிக்கொண்டால் அடுத்த எண்ணெய்க்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மலைத்தேன் வாங்குகிறவர்கள் தேன்மெழுகும் கேட்டுப் பாருங்கள். ஒரு பங்கு மெழுகு, நாலு பங்கு பாரஃபின், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினால் அருமையான பாலிஷ். நேரடித் தீயில் உருக்காதீர்கள், பற்றிக்கொள்ளும்.

ஆளிவிதை எண்ணெயும் நல்லதுதான், காய்ந்து கெட்டிப்படும். ஆனால் ஹார்டுவேர் கடையில் "பாயில்டு" என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்கான உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். அது கதவுக்கு. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடித்த சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு. விரித்துக் காயப்போடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பாரஃபின் பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை குடித்துப் புரையேறினால் அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா உண்டாக்கும். எண்ணெய்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

தினசரி சுத்தம் ரொம்ப எளிது. சோப்பும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்து, வெந்நீரில் அலசி, துடைத்து, செங்குத்தாக நிறுத்தி நிழலில் காயவிடுங்கள். ஊறப்போடாதீர்கள். இளவெயிலில் கொஞ்ச நேரம் காட்டினால் மஞ்சள் கறை தானாக மங்கும், ஏனென்றால் மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதையும். உச்சி வெயிலில் போட்டால் பலகை வெடிக்கும். மேடையாக இருந்தால் தூக்கி நிறுத்த முடியாது, ஆகவே ராத்திரி உலர்ந்த துணியால் துடைத்து, அதன்மேல் பாத்திரம் எதுவும் கவிழ்க்காமல் விட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

கறிப் பலகைக்கு வாரம் ஒருமுறை வாசனை சேர்க்காத பிளீச், ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலு மில்லி. சில நிமிடம் விட்டு அலசிக் காயவைக்கலாம். பிளீச்சோடு வினிகரோ எலுமிச்சையோ சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். "இரண்டும் சேர்ந்தா டபுள் சுத்தம்" என்று செய்துவிட்டு மூச்சுத் திணறி வருகிறார்கள்.

கருப்புக் கறை விஷயம். பலகையில் கருப்பு தெரிந்தாலே பூஞ்சை என்று பதறுகிறோம். கல்வராயன் மலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்தால் மை மாதிரி கருப்பு வரும், இல்லையா? கடுக்காயில் உள்ள டானின்தான் காரணம். பல மரங்களிலும் டானின் உண்டு. இரும்புக் கத்தியோ அரிவாள்மனையோ ஈரத்தோடு படும்போது அதே வேதியியல் உங்கள் பலகையில் நடக்கிறது. நீலக் கருப்பாக, வழவழப்பு இல்லாமல், வாடை இல்லாமல் இருந்தால் அது இரும்புக் கறை. எலுமிச்சை மூடியும் உப்பும் வைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் மங்கும். புள்ளி புள்ளியாக, பஞ்சு மாதிரி, மக்கல் வாடையோடு இருந்தால் பூஞ்சை. அதைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, மறுபடி எண்ணெய் கொடுங்கள். உள்ளே வரை போயிருந்தாலோ, விரிசலில் கத்தி முனை இறங்கினாலோ, பலகையை அடுப்புக்குக் கொடுத்துவிடலாம். அப்போது பாட்டி செய்தது சரி.

பிளாஸ்டிக் பலகையிலிருந்து மைக்ரோபிளாஸ்டிக் வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. 2023ல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் கேரட் வெட்டிச் சோதித்தது. ஒருவருக்கு வருடத்துக்குச் சில கிராமிலிருந்து ஐம்பது கிராம் வரை துகள் வரலாம் என்று கணக்கிட்டது. ஆனால் அதே ஆய்வில் மரத்திலிருந்தும் மரத்துகள் வந்தது, சில சோதனைகளில் பிளாஸ்டிக்கைவிட அதிகமாகவே. ஆய்வகத்தில் எலியின் செல்களில் வைத்துப் பார்த்தபோது இரண்டுமே குறிப்பிடத்தக்க பாதிப்பைக் காட்டவில்லை. அதனால் பிளாஸ்டிக் பலகையை வைத்தும் உங்களைப் பயமுறுத்த நான் தயாரில்லை. கீறல் நிறைந்த பழையதை மாற்றுங்கள், போதும்.

கடைசியாக, மருத்துவத்துக்குக் கொஞ்சம் வெளியே.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கம் தலைமுறையாக இதைச் செய்கிறார்கள். சாமி சிலையும் கதவும் செய்யும் கை அது. ஆனால் ஒரு வீட்டில் சாமி சிலை எத்தனை தடவை வாங்குவார்கள்? பலகை தினமும் கையில் இருக்கிற பொருள். நம் ஆட்கள் வீட்டு நிலைக்கதவுக்கு வெளியூரிலிருந்து ஆர்டர் எடுக்கிறார்கள். நாமோ காய் நறுக்க எங்கேயோ வார்த்த பிளாஸ்டிக்கை ஆன்லைனில் வாங்குகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு சிற்பியிடம் கேட்டபோது சிரித்தார். "பலகையா? அது ஒரு வேலையா டாக்டர்? யார் காசு குடுப்பாங்க?" பட்டறையில் மிஞ்சும் வாகைத் துண்டுகளைக் காட்டினார். அடுப்புக்குத்தான் போகிறதாம்.

ஒன்று செய்து கொடுத்தார். ஒன்றரை அங்குல கனம். வார்னிஷ் பளபளப்போடு கொண்டு வந்தார். "இது வேண்டாங்கண்ணே, கத்தி பட்டா வார்னிஷ் உரிஞ்சு சாப்பாட்டுல சேரும்" என்றேன். இழைத்து வெறும் மரமாகக் கொடுத்தார், முகத்தில் அரைகுறை திருப்திதான். பளபளப்பில்லாத பொருளைத் தன் பெயரில் வெளியே விட அவருக்கு மனசில்லை. அந்த மனசை மாற்ற வாங்குகிறவர்கள் கேட்டால்தான் முடியும். போய்க் கேளுங்கள். "பாலிஷ் வேண்டாம், வார்னிஷ் வேண்டாம், மருந்து அடிக்காத மரம், ஓரம் மட்டும் மழுக்கிக் கொடுங்க" என்று நான்கையும் சொல்லிக் கேளுங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

பலகை ஃபோட்டோ போட்டு "இது பூஞ்சையா, கறையா" என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்கள், எலுமிச்சை தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு ஃபோட்டோ போடுங்க. இன்னைக்கு நைட் டூட்டி. காலையில பார்த்துப் பதில் சொல்றேன்.